நைல் நீருக்கு எழுத்தில் ஓர் உறுதி

ஆசிரியருக்கு வணக்கம்.

நைல் ஆற்றின் துணையாறான நீல நைலின் குறுக்கே எத்தியோப்பியா கட்டிய மறுமலர்ச்சி அணை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கடன்பத்திரம் வாங்கி எழுப்பிய அணை அது. நைல் நீரில் பெரும்பகுதி அந்நாட்டு மலைகளில்தான் பிறக்கிறது. ஆனாலும் 1959-ல் எகிப்தும் சூடானும் நீரைப் பங்கிட்டுக்கொண்டபோது எத்தியோப்பியாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, எத்தியோப்பியாவின் கோபம் நியாயமே. ஆனால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள எகிப்துக்கு நைலை விட்டால் வேறு ஆறு கிடையாது. 2020-ல் அணையில் முதல்முறை நீர் தேக்கியபோது கார்ட்டூமில் குடிநீர் நிலையங்கள் நின்றுபோனதாகச் சூடான் முறையிட்டது. வறட்சி ஆண்டில் எவ்வளவு நீர் திறக்கப்படும் என்பதை எத்தியோப்பியா எழுத்தில் தர வேண்டும். இது குறித்து மூன்று நாடுகளையும் வைத்து முன்பு நடத்திய பேச்சை ஆப்பிரிக்க ஒன்றியம் உடனே மீண்டும் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை