பானர்மன் கோட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் கட்டபொம்மன் நாடகத்துக்கான மேஜர் பானர்மனின் சிவப்புக் கோட்டு தைத்து முடிந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்குத் தண்டனையை நிறைவேற்றிய கும்பினி அதிகாரி அவர். அவர் போட்ட கோட்டு தொளதொளவென்று தொங்கினால் அந்தக் காட்சியே சிரிப்பாகிவிடும்.

முதல் நன்றி சென்னை கோடவுன் தெருவின் மொத்தத் துணிக் கடைக்காரருக்கு. சில்லறையாக வெட்டித் தராத கடையில், 58 அங்குல அகலத்தில் 3 மீட்டர் மட்டும் வெட்டித் தந்தார். நாங்கள் கேட்டது டெரிவூல் (பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த துணி). மேடை விளக்கில் அது பளபளக்கும் என்று தடுத்து, கெட்டியான கம்பளி பிளேசர் துணியை எடுத்துப் போட்டார். ஓர் இழையை உருவிக் கொளுத்தியும் காட்டினார். முடி கருகும் நாற்றம், கையில் நொறுங்கும் சாம்பல் என்றால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டர். அந்தக் காலத்துக் கோட்டுத் துணி நன்றாக மிதித்து இறுக்கியது, வெட்டிய ஓரம் பிரியாது. இன்றைய துணி பிரியும். ஆகவே தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டே வெட்ட வேண்டும். துணியின் மேல் ஒரு பக்கமாகச் சாயும் பூ முடி இருப்பதால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் வரவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கை மட்டும் வேறு சிவப்பாகத் தெரியும்.

சலவைக் கடை அண்ணனுக்குத் தனி நன்றி. வெட்டுவதற்கு முன்பே முழுத் துணிக்கும் நீராவி கொடுத்துச் சுருங்க வைத்தார். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துச் சொன்னார். மார்பு மடிப்பு வெளிர் மஞ்சள் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது.

அதிகம் கடன்பட்டது உயர் நீதிமன்றம் பக்கம் வக்கீல் கோட்டு தைக்கும் மாஸ்டருக்குத்தான். காடாத் துணி 4 மீட்டரில் மாதிரி தைத்துப் பொருத்திப் பார்க்கச் சொன்னவர் அவர். கைக்குழியை இன்றைய வழக்கப்படி இறக்கி வெட்டியிருந்தோம். நடிகர் வாளை உயர்த்தியதும் கோட்டு முழுவதும் மேலே ஏறியது. மாஸ்டர் கைக்குழியை அக்குளுக்கு நெருக்கி, சிறிதாக்கி வரைந்து தந்தார். அதன்பின் கை மட்டும் எழுந்தது. ஷோல்டர் பேட் வாங்க வைத்திருந்த பணமும் மிச்சம், அந்தக் காலக் கோட்டில் அது கிடையாது.

மார்பு விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் முடி கேன்வாஸ் (முடி கலந்து நெய்த துணி) முக்கால் மீட்டரும் அவர் கொடுத்ததே. ஒட்டும் கேன்வாஸ் வேண்டாம் என்றதற்கு அவர் சொன்ன காரணம்: வியர்வையும் திரும்பத் திரும்பப் படும் இஸ்திரிச் சூடும் சேர்ந்து பசையை விடுவிக்கும், மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். கேன்வாஸையும் பருத்தி நாடாவையும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்த பிறகே வெட்டினோம். சாய்ந்த சின்னத் தையலாகக் கையாலேயே பிடிக்க வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் வெளியே குழி விழும்.

கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களுக்கு உடை தைக்கும் கடைக்கும் நன்றி. தோள் குஞ்சம் ஒரு ஜோடி, ஜரிகை நாடா, பித்தளைப் பொத்தான் 34 அங்கே கிடைத்தன (மார்புக்கு 20, கைமடிப்புக்கு 8, பின்னிடுப்புக்கு 2, மீதி 4 கைவசம்). காம்பு வைத்த பொத்தானை வெறும் துணியில் தைத்தால் பாரத்தில் துணி கிழியும்; உள்பக்கம் சின்னச் சட்டைப் பொத்தான் ஒன்றைச் சேர்த்துக் கட்ட அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் ஜரிகையில் சூடான இஸ்திரி நேராகப் பட்டால் உருகிவிடும் என்பதையும் நல்லவேளையாக முன்பே சொன்னார்கள்.

மரத்தூள் அடைத்த இஸ்திரி மெத்தை இரவல் தந்த தையல் ஆசிரியைக்கு: அது பத்திரமாக இருக்கிறது, இந்த வாரம் திரும்பி வரும். கால் மீட்டர் முடி கேன்வாஸும் நாடாச் சுருள் ஒன்றும் மிச்சம். கோட்டு தைக்கும் நாடகக் குழு யாரேனும் கேட்டால் கொடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
உடைப் பிரிவினர்