ரோல்-பிளேயிங் கேம் வடிவமைக்கும் குழுக்களுக்கு: எழுத்தோடு எண்ணையும் காட்டுங்கள்

வணக்கம்.

ஆயுதத்தை அப்கிரேடு செய்ய (மேம்படுத்த) கொல்லரிடம் கல்லைக் கொடுப்பதற்கு முன்பே, அந்த ஆயுதம் கடைசி நிலையில் எவ்வளவு அடிக்கும் என்பதை விளையாடுபவர் கேமுக்குள்ளேயே பார்க்க முடிய வேண்டும். 2022-இல் வந்த எல்டன் ரிங்கை வைத்துச் சொல்கிறோம். நாங்கள் மிகவும் மதிக்கும் கேம் அது.

அதில் ஸ்கேலிங், அதாவது விளையாடுபவரின் பலம் போன்ற திறன்களால் ஆயுதத்தின் தாக்குதல் எவ்வளவு கூடும் என்பது, 'எஸ்' முதல் 'இ' வரை வெறும் எழுத்தாகத்தான் தெரியும். உள்ளே ஓடுவது எண். 'பி' என்றால் 90 முதல் 139 வரை எதுவாகவும் இருக்கலாம். அடிப்படைத் தாக்குதல் 250, பலம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலம் 60-இல் ஸ்கேலிங்கின் 75% சேரும். எண் 90 என்றால் கூடுதலாகச் சுமார் 169 (250 × 90% × 75%) கிடைக்கும். 139 என்றால் சுமார் 261. திரையில் இரண்டு வாளுக்கும் அதே 'பி'!

பலத்தை 60-லிருந்து 80-க்கு ஏற்றினால் அந்த 75% வெறும் 90% ஆகிறது. இரு கையாலும் ஒரே வாளைப் பிடித்தால் பலம் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். 54 வைத்திருப்பவர் அப்போதே 80-ஐத் தாண்டிவிடுகிறார். இது தெரியாதவர் லெவல்களை வீணாக்குகிறார்.

அப்கிரேடு வழி இரண்டு. சாதாரண ஆயுதம் +25 வரை போகும். ஒவ்வொரு தரக் கல்லும் மூன்று நிலைகளுக்கு; அவற்றுக்கு 2, 4, 6 என 12 வேண்டும். எட்டுத் தரத்துக்கு 96, கடைசியில் ஒரு ஏன்ஷியன்ட் டிராகன் கல். சோம்பர் என்ற வேறு வகைக் கல்லால் மேம்படும் சிறப்பு ஆயுதமோ நிலைக்கு ஒரு கல் வீதம் +10-இல் முடிகிறது. சோம்பர் நிலையை 2.5-ஆல் பெருக்கினால்தான் ஒப்பீடு சரிவரும்: +4 என்பது சாதாரண +10-க்குச் சமம். இதைக் கேமில் எங்கும் எழுதி வைக்கவில்லை.

+0-இல் ஒப்பிடுவதும் ஏமாற்றும். பலத்துக்கு ஏற்ப மாற்றிய ஹெவி, லாவகத்துக்கு (டெக்ஸ்டெரிட்டி) ஏற்ப மாற்றிய கீன் வகைகளில் அடிப்படை எண் குறையும். அப்கிரேடு ஏற ஏறத்தான் ஸ்கேலிங் வளர்ந்து அதை ஈடுகட்டும். கொல்லர் காட்டுவது அடுத்த ஒரு நிலையை மட்டுமே. மேலும், 300 உடல் தாக்குதலும் 300 மாயத் தாக்குதலும் கூட்டினால் 600 என்று தெரியும். ஆனால் இரண்டும் தனித்தனியாக எதிரியின் தற்காப்பைக் கடக்க வேண்டும். ஒரே வகையில் 600 உள்ள வாள்தான் பெரும்பாலும் கூடுதலாக அடிக்கும்.

லார்வல் டியர் என்ற பொருளைக் கொடுத்தால் ஸ்டாட்டை (பலம் போன்ற திறன் எண்களை) மாற்றி வைக்கலாம். போட்ட கல் மட்டும் திரும்பாது. கொல்லரின் திரையில் உச்ச நிலை எண்ணைக் காட்ட ஒரு பொத்தான் வையுங்கள். எழுத்தின் அருகே ஸ்கேலிங் எண்ணையும் போடுங்கள். அப்கிரேடைக் கலைத்தால் பாதிக் கல்லையாவது திருப்பிக் கொடுங்கள்.