முதலில் எர்த்தைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பழைய டிராக்டரில் ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் விளக்கை மாட்டிய விதம் நன்றாக வந்திருக்கிறது. பெயிண்டும் பளபளவென்று இருக்கிறது. "ஆனா வெளிச்சம் மெழுகுவர்த்தி மாதிரி இருக்குண்ணா, 55 வாட் பல்பு போட்டுடட்டுமா, இல்ல எல்இடியே போட்டுடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இப்போதைக்குப் பல்பைத் தொடாதே. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் பல்புக்கு வந்து, அங்கிருந்து பேட்டரிக்கே திரும்பிப் போகிற வழி முழுவதையும் முதலில் பார்.

உன் வண்டி 6 வோல்ட். 35 வாட் பல்பு இரண்டு எரிந்தால் கிட்டத்தட்ட 12 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட் வண்டியில் இதே பல்புக்கு 6 ஆம்பியர்தான். படத்தில் தெரியும் அந்தச் சிவப்பு ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் போலத் தெரிகிறது. மூன்று மீட்டர் நீளத்துக்கு அதில் 12 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 6 வோல்ட்டில் 0.6 என்றால் பத்தில் ஒரு பங்குதானே என்று நினைப்பாய். இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு ஏறக்குறைய 0.15 வோல்ட்டோடு நிற்கும். பெரிய பல்பு போட்டால் 18 ஆம்பியர் இழுக்கும். ஒயரில் இழப்பு இன்னும் ஏறும், ஒயர் சுடும், அந்தப் பழைய டைனமோவும் ஈடுகொடுக்காது.

போகிற வழி அது. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். அதுதான் என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடாமல் செய்தது. என் வண்டியில் இடது விளக்கு வெள்ளையாக எரிந்தது, வலது விளக்கில் இழை மட்டும் செம்பட்டையாகக் கனன்றது. பல்பை மாற்றினேன், சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையை விளக்கின் உடம்பிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து அழுத்தினேன். விளக்கு சட்டென்று வெள்ளையாக எரிந்தது, எதிர்ச் சுவரே தெரிந்தது. கையை எடுத்தேன், மறுபடி கனல். பிராக்கெட்டுக்கு அடியில் நானே ஆசையாக அடித்த பெயிண்ட் இரண்டு பூச்சு இருந்தது. அதைத் தாண்டி எர்த் எப்படிப் போகும்?

உன் பெயிண்டையும் அந்த போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டிவிடு. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய், பல் வைத்த வாசர் போட்டு இறுக்கு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு. அதோடு விடாதே. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒரு எர்த் ஒயரை இழுத்து, பேட்டரி எர்த் கேபிள் சேருகிற இடத்திலேயே கட்டு. பானட் தகரத்தையும் கீலையும் நம்பி எர்த் விடுவது இந்த வண்டிக்குச் சரிப்படாது.

கை வைக்கும் முன்னால் ஒன்று. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்தாயா? 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என், பழைய ஃபார்மால் போன்ற 6 வோல்ட் டிராக்டர்களில் பிளஸ்தான் எர்த். உன்னுடையதும் அப்படியென்றால் கழற்றும்போது முதலில் பிளஸ்ஸைக் கழற்று, மாட்டும்போது கடைசியில் மாட்டு. மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று பழகிய கை, ஸ்பேனரை மைனஸில் வைத்துத் திருப்பும்போது அதன் வால் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். எல்இடி ஆசையையும் இதனால்தான் தள்ளிவைக்கச் சொல்கிறேன். பல எல்இடி விளக்குகள் 9 வோல்ட்டுக்குக் கீழே எரியாது. சிலவற்றில் மைனஸ் அதன் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும். அதை பிளஸ் எர்த் வண்டியில் அப்படியே போல்ட் போட்டால் ஷார்ட்தான்.

பழைய சுவிட்சைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? சார்ஜைத் தானாகக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல், பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டிக்கும் கட்-அவுட் மட்டும் உள்ள வண்டிகளில் அந்த சுவிட்ச் விளக்குக்கு மட்டுமானது இல்லை. ஃபார்மாலில் எல், ஹெச், டி, பி என்று நாலு நிலை இருக்கும்: குறைந்த சார்ஜ், கூடுதல் சார்ஜ், மங்கல், பிரகாசம். விளக்கு எரியும் நிலைக்குத் திருப்பினால் டைனமோவின் சார்ஜும் தானாகக் கூடும். அங்கே சாதாரண சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும், பேட்டரி விடிவதற்குள் படுத்துவிடும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்வதைப் பார்த்துப் பயப்படாதே. வேகம் கூட்டியதும் திரும்ப வேண்டும், அதுதான் கணக்கு.

விளக்குக்கான ஒயர் பேட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் போடு. ஒயரை சைலன்சர் பக்கமும் எரிபொருள் குழாய் பக்கமும் கொண்டுபோகாதே. தகரத்தில் ஓட்டை வழியாகப் போகிற இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். டிராக்டர் அதிர்வில் ஒயர் அறுபடுவது பெரும்பாலும் அந்த ஓட்டைகளில்தான்.

எல்லாம் முடிந்ததும் விளக்கை எரியவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறு முனையை விளக்கின் உடம்பிலும் வை. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கேயோ இன்னும் பெயிண்ட் இருக்கிறது. இரண்டு விளக்குக்கும் அளந்து, அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுது. பல்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்