செயலாளர் ஆண்டறிக்கை: எடைக் கணக்கைக் காத்தது பற்றி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பகுதிகளிலிருந்தும் மலை மேலே குமுளியிலிருந்தும் வந்திருக்கும் ஏலக்காய் விவசாயிகளான உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. காய் உலர்த்தும் கூடமான நம் ஸ்டோரின் புகைக்குழாய் மாற்றப்பட்டது. புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்குக் காய் அனுப்பியதில் தடங்கல் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது எடைக் கணக்கைப் பற்றி.

ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். உலர்த்துகூலியும், சிறு விவசாயிகளின் காயைச் சேர்த்து உலர்த்தும்போது பிரிக்கும் பங்கும் பச்சை எடையை வைத்துத்தான். அந்த எடைகளைக் கூகுள் ஷீட்ஸில் ஒரே விரிதாளில் எழுதிவந்தோம். ஸ்டோரில் எடை எழுதும் சகோதரி, குமுளியில் காய் வாங்கும் தம்பி, பொருளாளர், நான் ஆகிய நால்வரும் எந்தக் கட்டத்தையும் மாற்றலாம் என்று விட்டிருந்தோம்.

புரட்டாசியில் எடுத்த காய்க்குப் பட்டுவாடா நடந்த அன்று, ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடைச் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். காய்க்கறை பட்டு ஓரம் கறுத்திருந்த அந்தச் சீட்டில் 42.5 கிலோ என்றிருந்தது. கணினியில் அவர் பெயருக்கு நேரே 17. மறுநாள் இன்னும் பலர் சீட்டோடு வந்தார்கள். பேச்சு, எடை எழுதும் சகோதரியின் மேல் திரும்பியது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்துவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.

விரிதாளின் பதிப்பு வரலாற்றைத் திறந்து பார்த்தோம். யார் கணக்கிலிருந்து, எந்த நேரத்தில், எது மாறியது என்பதெல்லாம் அதில் இருந்தது. நான்கு நாள் முன்பு இரவில், என் கணக்கிலிருந்து, பெயர்கள் மட்டும் அகர வரிசைக்கு மாறியிருந்தன. ஒரு பெயரைத் தேடுவதற்காகப் பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியவன் நான். எக்செலாக இருந்தால் பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கும், இது கேட்கவில்லை. பெயர்கள் நகர்ந்தன, எடைகள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்தச் சகோதரியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். பழி பலர் முன்னிலையில் விழுந்ததால், இந்தப் பொதுக்குழுவிலும் கேட்கிறேன்.

பழைய பதிப்பை அப்படியே மீட்டிருந்தால் இடையில் ஏறிய நான்கு நாள் எடை போயிருக்கும். அதனால் அந்தப் பதிப்பை நகலெடுத்து, பெயர்களை மட்டும் அதிலிருந்து கொண்டுவந்து, ஒவ்வொரு வரியையும் அடிக்கட்டையோடு ஒப்பிட்டோம்.

இப்போதுள்ள ஏற்பாடு இது. உறுப்பினர் பெயர்ப் பட்டியலும் கூட்டல் சூத்திரங்களும் பூட்டப்பட்டுள்ளன. வாரம் முடிந்ததும் அந்த வாரத்து வரிகளைப் பொருளாளர் பூட்டுகிறார். நான் இனிப் பார்க்க மட்டுமே முடியும். வரிசைப்படுத்திப் பார்க்க விரும்பினால் வடிகட்டிக் காட்சியை (Filter view) பயன்படுத்துகிறேன். அது மூலப் பதிவைக் கலைப்பதில்லை. கோப்பின் உரிமையாளரை எந்தப் பூட்டும் தடுக்காது என்பதால், உரிமையை என் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்து, வேறெதற்கும் பயன்படாத சங்கக் கணக்குக்கு மாற்றிவிட்டோம். இந்தப் பூட்டு தவறுதலான கைகளைத் தடுக்கும், ரகசியத்தைக் காக்காது. பார்க்க அனுமதி பெற்றவர் பொதுவாக நகலும் எடுக்கலாம் என்பதால், யாருக்கு அனுமதி என்பதைச் செயற்குழுவே முடிவு செய்யும்.

பூட்டு போடும்போது வேறு இரண்டு குறைகளும் தெரிந்தன. குமுளித் தம்பி தேதிக் கட்டத்தில் 'சிங்ஙம் 5' என்று எழுதியிருந்தார். நமக்கு ஆவணி என்பது மலையாள மாதக் கணக்கில் எழுதும் அவருக்குச் சிங்ஙம். அவர் வழக்கத்தில் தவறில்லை. ஆனால் கணினி அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாததால், வாரக் கூட்டலில் அந்த வரிகள் விடுபட்டன. எடைக் கட்டத்தில் '38 கிலோ' என்று எழுதியவையும் அப்படியே. எழுத்து கலந்தால் அது எண் ஆகாது. கூட்டல் எச்சரிக்காமல் அதைத் தாண்டிப் போய்விடும். எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான், ஏனென்றால் இதில் யாரும் எதையும் மாற்றவே இல்லை. இப்போது தேதிக் கட்டம் தேதியை மட்டும், எடைக் கட்டம் எண்ணை மட்டும் ஏற்கிறது. பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதி இரண்டு ஆளாகக் காட்டிய தொல்லையும் இதனால் நின்றது.

வெள்ளிக்கிழமைதோறும் வாரக் கணக்கை அச்செடுத்து ஸ்டோர் வாசலில் ஒட்டுகிறோம். உங்கள் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அடுத்த செவ்வாய்க்குள் சொல்லுங்கள். திருத்தம் பழைய எண்ணின் மேல் எழுதப்படாது. புது வரியில், காரணத்தோடு ஏறும். பட்டுவாடா முடியும்வரை சீட்டைத் தொலைக்காதீர்கள்.

அடிக்கட்டை ஒன்றையும் விடாமல் காத்துவைத்திருந்த சகோதரிக்குப் பொதுக்குழு நன்றி தெரிவிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிய வேண்டுகிறேன்.

செயலாளர்