எதைச் சின்ன விஷயம் என்கிறாய்?

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் புது வேலையைப் பற்றிச் சொன்னபோது, "ஜெபித்தாயா?" என்று கேட்டேன். "சம்பளம், வேலை, ஆபீஸ் தூரம் எல்லாம் பார்த்துட்டேன்ப்பா. எல்லாம் சரியா இருக்கு. இதுக்கெல்லாம் ஆண்டவரைத் தொந்தரவு பண்ணணுமா?" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. கேட்கும்போது தாழ்மை போலத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது.

வேதத்தில் யோசுவா 9-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. கிபியோன் ஊரார் கிழிந்த தோல் துருத்திகளோடும், பழைய செருப்புகளோடும், உலர்ந்து பூசணம் பூத்த அப்பத்தோடும் வந்து, தூர தேசத்திலிருந்து வருகிறோம், எங்களோடு உடன்படிக்கை பண்ணுங்கள் என்கிறார்கள். இஸ்ரவேலர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. விசாரித்தார்கள், அப்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. உடன்படிக்கை பண்ணி மூன்று நாள் கழித்துத்தான் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. ஆயி பட்டணத்தில் தோற்றபோது சாயங்காலம்வரை கர்த்தர் முன் முகங்குப்புற விழுந்து கிடந்தவர், இஸ்ரவேலரை நடத்திய இதே யோசுவாதான். தோல்வியில் கேட்டவர், ஜெயித்த பிறகு கேட்கவில்லை. பூசணம் பிடித்த அப்பத்தைப் பற்றி என்ன கேட்பது என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

விசாரிக்காதே என்று நான் சொல்லவில்லை, அம்மா. நீ நன்றாகத்தான் விசாரித்திருக்கிறாய். ஆனால் இயேசு தம்முடைய பன்னிரண்டு சீஷர்களைத் தெரிந்தெடுப்பதற்கு முன் இராமுழுதும் ஜெபத்தில் இருந்தார் என்று லூக்கா எழுதியிருக்கிறாரே. மனிதரின் உள்ளத்தை அறிந்தவர் அவர். அவரே பிதாவிடம் போய் நின்றார்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது எனக்கு வலது மணிக்கட்டு உடைந்தது நினைவிருக்கிறதா? கட்டு போட்ட கையோடு ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும், சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அம்மா உதவ வந்தபோது, "உனக்கு எதுக்குச் சிரமம், நானே பார்த்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். அவளுடைய சிரமமா எனக்குக் கவலை? ஒருவர் முன்னால் கையாலாகாமல் நிற்பது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் நீ வந்தாய். நாக்கைக் கடித்துக்கொண்டு கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாய். மேலே வந்தபோது ஒரு துளை மிச்சம். எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் போட்டாய். அசையாமல் நின்றேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அன்றைக்குத்தான் சீஷனாகிய பேதுரு எனக்குப் புரிந்தார். இயேசு சீஷர்களுடைய கால்களைக் கழுவ வந்தபோது, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று அவர் சொன்னதை அதுவரை பணிவு என்றே நினைத்திருந்தேன். "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார் ஆண்டவர். காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது, கழுவுவதைவிடக் கடினம் போலிருக்கிறது. நம்மில் பலருக்கு ஊழியம் செய்ய வருகிறது, கேட்கத்தான் வருவதில்லை. எனக்கு இன்னமும் முழுதாக வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது. சம்பளம், தூரம் எல்லாவற்றையும் அப்படியே அவர் முன்னால் வைத்துக் கேள். நாங்களும் இங்கே கேட்டுக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
அப்பா