பாப்பாவுக்கு, பள்ளிபாளையத்திலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ கூப்பிட்ட நேரம் கடையில் நல்ல கூட்டம். "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்ததும் உங்கம்மா, "பிள்ளை குரலே சரியில்லையே, என்னவாம்?" என்று பிடித்துக்கொண்டாள். உன் ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் மறுபடியும் தள்ளுபடி, மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது, புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது என்று உயிருள்ள கிருமிகளை விற்கிற கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிடுகிறது என்று சொன்னேன். "அப்புறம் என்ன, கம்பெனிக்கே போகட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். எனக்கு அப்படி ஒரு வரியில் முடிக்கத் தெரியவில்லை, அதனால்தான் கடிதம். போனில் நான் பேசினால் நடுவில் யாராவது வந்து பாரசிட்டமால் கேட்பார்கள்.

கம்பெனி வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, அம்மிணி. நானே வியாபாரிதான். சம்பளம் நிலையாக வரும், வருஷா வருஷம் ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்று வயிற்றைக் கலக்காது. ஆனால் அவர்கள் விற்கும் சரக்கைப் பற்றி நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். இங்கே எந்த டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் கூடவே ஒரு புரோபயாடிக் கேப்சூல் எழுதுகிறார். சில சமயம் அசல் மருந்தைவிட அதன் விலை அதிகம். இஸ்ரேலில் செய்த 2018 ஆய்வை நீதான் அனுப்பினாய். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு புரோபயாடிக் கொடுத்தபோது, அவர்களுடைய சொந்தக் குடல் கிருமிகள் திரும்பி வருவது தாமதமாகிவிட்டது என்று அதில் இருந்தது. சும்மா விட்டவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. சொந்த மலத்தை முன்பே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்தியவர்களுக்கு ஒரு சில நாளிலேயே. அதைப் படித்த பிறகு அந்தக் கேப்சூல் அட்டையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு உன் முகம் வந்து போகிறது. சீட்டில் இருப்பதால் கொடுக்கிறேன். நீ அங்கே போனால் என்ன செய்வாய்? அவர்கள் சரக்கில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுத விடுவார்களா? சேருவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடு. சம்பளத்தை அப்புறம் கேட்கலாம்.

மைக்ரோபயோம், அதாவது நம் உடம்பில் குடியிருக்கிற கிருமிக் கூட்டம், என்ற சொல் இப்போது மருந்து ரெப்புகள் வாயில் புகுந்துவிட்டது. போன வாரம் ஒருவர் வந்து, "சார், நம்ம உடம்பில் மனித செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கு" என்று ஆரம்பித்தார். 2016-லேயே அந்தக் கணக்கைத் திருத்திவிட்டார்கள் தம்பி, சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல், கிட்டத்தட்ட சரிக்குச் சரி, பாக்டீரியா எல்லாம் சேர்த்தாலும் 200 கிராம்தான் என்றேன். அவர் பையை மூடிக்கொண்டு, "உங்க பொண்ணு டாக்டரா சார்?" என்றார். ஆமாம், ஆனால் ஊசி போடமாட்டாள் என்று சொல்லி அனுப்பினேன்.

குடல் கிருமிகளை ஆராய்கிற உன் வேலையை ஊரில் விளக்குவது பெரும்பாடுதான். உங்க பெரியத்தை, "மலத்தைப் பார்க்கவா பிளேன் ஏறிப் போனா?" என்று கேட்டதை நீ இன்னும் மறக்கவில்லை என்று தெரியும். அவளுக்கு நான் இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். நீ இருக்கும் நெதர்லாந்திலேயே, டெல்ஃப்ட் ஊரில், லேவன்ஹுக் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். துணியின் இழை பார்க்கிற லென்ஸில் தொடங்கி, 1681-ல் தனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது தன் மலத்தையே எடுத்துப் பார்த்து, அதில் நெளிகிற உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் தன் பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்து எழுதினார். காலேஜ் படிப்பெல்லாம் கிடையாது. கடைக்காரர்களைக் குறைவாக நினைக்காதே என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கடை என்றதும் அந்தப் பேச்சுக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகுவதற்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிற கடைகள்தான் காரணம்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ராத்திரி எட்டு மணிக்குத் தறி ஷிப்ட் முடிந்து ஒருவர் வருகிறார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. சட்டைப் பையிலிருந்து அட்டையின் கிழிந்த மூலை ஒன்றை எடுத்து வைக்கிறார். மருந்தின் பெயரில் பாதி கிழிந்துபோய் "மைசின் 500" மட்டும் தெரியும், ஓரத்தில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்கிற அந்தச் சிவப்புக் கோடு. "இதே மாதிரி ரெண்டு கொடுங்க, போன தடவை கேட்டுச்சு." எனக்குத் தெரியும், அது வைரஸ் காய்ச்சல், இந்த மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டாக்டரைப் பாருங்கள் என்கிறேன். தனியார் டாக்டர் என்றால் பீஸ், ரத்தப் பரிசோதனை, அது இது என்று ஒரு நாள் கூலி போய்விடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பகலில் போனால் அன்றைய கூலியே இல்லை. நான் கொடுக்கவில்லை என்றதும் அவர் கோபப்படுவதில்லை, பேசாமல் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்கிறார். அங்கே நாலு கடை இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. சில மருந்துகளை விற்றால் கடையில் எழுதி வைக்க வேண்டிய எச்1 பதிவேடு 2014 மார்ச்சில் வந்தது, உனக்கு நினைவிருக்கும், லீவில் வந்தபோது நீதான் கோடு போட்டுக் கொடுத்தாய். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை, எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சைம் அதில் உண்டு, லீவோஃப்ளாக்சசின் உண்டு. மக்கள் அதிகம் கேட்கிற அசித்ரோமைசின் அந்த முதல் பட்டியலிலேயே இல்லை. சட்டம் எழுதியவர்கள் எந்தக் கவுன்டரில் நின்றார்களோ!

ஆனால் நான் சொல்ல வந்தது அது மட்டுமில்லை. நீ அனுப்பிய இன்னொரு கட்டுரை, அதுவும் 2018, நூறு நாடுகளுக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்து எவ்வளவு விற்கிறது என்பதைவிட, கழிவுநீர் எங்கே போகிறது, குடிநீர் எப்படி, நிர்வாகம் எப்படி என்பதோடுதான் எதிர்ப்புக் கிருமி அதிகம் ஒத்துப்போகிறது என்றது. மருந்தைக் குறைத்தால் மட்டும் போதாது, பரவுகிற வழியை அடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2011-ல் டெல்லியில் தெருவில் தேங்கிய நீரை 171 இடத்தில் எடுத்துப் பார்த்து, 51-ல், கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்கிற என்டிஎம்-1 மரபணு இருந்ததைக் கண்டார்கள். குழாய்த் தண்ணீரில் 50-க்கு 2. தறிக்காரர் மாத்திரையே போடாவிட்டாலும் அவர் குடிக்கிற தண்ணீர் இருக்கிறதே. என் கல்லாவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுச் சாக்கடையை விட்டுவிட்டால், அது அரைகுறை ஆராய்ச்சி.

இனி உன் கேள்வி. இந்த வேலையில் சேரவேண்டும் என்று உன்னைத் தூண்டியது 2017-ல் வந்த அந்த நெதர்லாந்து ஆய்வுதான் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். சுமார் 2,000 பயணிகளிடம் போகும் முன்னும் வந்த பின்னும் மாதிரி வாங்கிப் பார்த்தார்கள். செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கிற இஎஸ்பிஎல் கிருமி, போகும்போது இல்லாதவர்களில் 34 சதவீதம் பேரிடம் திரும்பும்போது இருந்தது. தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் 75 சதவீதம். பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது மறைந்துவிட்டது. ஆனால் பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலானவர்களிடம் ஒரு வருஷம் கழித்தும் இருந்தது. பயணத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து அதிகம்.

ஏன் ஒருவரிடம் போய்விடுகிறது, இன்னொருவரிடம் தங்கிவிடுகிறது? இதுதான் உன் ஆராய்ச்சி என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். குடலில் ஏற்கெனவே இருப்பவை புதிதாக வருவதற்கு இடம் கொடுக்காது என்பதை 1971-லேயே வான் டெர் வாய் என்ற டச்சுக்காரர் எலிகளில் காட்டினார் என்றாய். ஈரோடு பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பதுபோல என்று வைத்துக்கொண்டேன். ஆன்டிபயாடிக் போட்டால் துண்டு எல்லாம் பறந்து பஸ் காலியாகிவிடுகிறது, முதலில் ஏறுபவனுக்கு சீட்டு. நல்ல கேள்விதான். அதை விட்டுவிடலாமா என்று நீ கேட்கிறாய்.

நிதி கிடைக்காததற்கு உன் கேள்வி மட்டம் என்று அர்த்தமில்லை. விண்ணப்பித்தவர்கள் எல்லாரும் உன்னைப் போலப் படித்தவர்கள், கொடுப்பது கொஞ்சப் பேருக்கு. மதிப்புரையில் "புதுமை போதாது" என்று எழுதியிருந்ததாகச் சொன்னாய். அதை மட்டும் கொஞ்சம் யோசி. பயணிகளைப் பார்க்க அங்கே உள்ளவர்களுக்கு நீ தேவையில்லை. ஆனால் அந்த 75 சதவீதத்துக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பயணிகள் மூன்று வாரம் தங்கி எடுத்துக்கொண்டு போனதை, இங்கேயே பிறந்து, இங்கேயே சாப்பிட்டு, இதே தண்ணீரைக் குடிக்கிறவன் வயிற்றிலும் வைத்திருக்கிறான். அவனிடம் அது போய்விட்டு மறுபடி மறுபடி வருகிறதா, இல்லை நிரந்தரமாகக் குடியிருக்கிறதா? இரண்டுக்கும் மருந்து வேறுவேறு அல்லவா? முதலாவது என்றால் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும், இரண்டாவது என்றால் குடலை. ஒரே வீட்டில் ஒரு வருஷம், மாதா மாதம் மாதிரி எடுத்துப் பார்த்தால் தெரியாதா? நான் டிப்ளமோ பார்மசி, எனக்கு இவ்வளவுதான் தோன்றுகிறது. தப்பென்றால் சொல்.

2010-ல் என்டிஎம்-1 விஷயம் வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கிருமிகளில் ஒரு பங்கு சென்னையில் எடுத்தவை. என்டிஎம் என்பதில் "என்டி" நியூ டெல்லிதான், அந்தப் பெயரை வைத்ததற்கு இங்கே எவ்வளவு கூச்சல்! மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றார்கள். இரண்டே வருஷத்தில், 2012-ல், டாக்டர்கள் சங்கங்கள் எல்லாம் சென்னையிலேயே கூடி, மருந்தை எதிர்க்கும் கிருமிகளைப் பற்றிப் பேசி அறிக்கை கொடுத்தன. என் கடைப் பதிவேடு அதற்கு அப்புறம் வந்ததுதான். இங்கிருந்து கேள்வி கேட்டால் திட்டு விழும், ஆனால் கேட்டது வீணாகப் போகாது.

இதை "ஊருக்கு வந்துவிடு" என்று படிக்காதே. எங்களுக்காக வராதே. உங்கம்மாவுக்கு முட்டிவலி தவிர ஒன்றுமில்லை, எனக்கு சர்க்கரை கட்டுக்குள். அங்கேயே இருந்துகொண்டு இங்கே ஒருவரோடு சேர்ந்து செய்ய முடியுமென்றால் செய். அதற்கும் சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதி, இங்கத்திய நெறிமுறைக் குழு, மாதிரியை வெளியே அனுப்புவதற்கு வேறு காகிதம் என்று வருஷக்கணக்கில் இழுக்கும் என்று உன் சீனியர் சொன்னதாகச் சொன்னாய். இழுக்கட்டும். மார்ச்சுக்கு அப்புறம் கையில் காசு இல்லாமல் இழுக்க முடியாது, அதுவும் புரிகிறது. அதனால் ஒரு வருஷத்துக்கு நீ அங்கே எதில் வேண்டுமானாலும் சம்பாதி, கம்பெனியிலேயேகூட. விண்ணப்பத்தை மட்டும் பக்கத்தில் எழுதிக்கொண்டே இரு. வீட்டுக்கு அனுப்புகிற பணத்தை நிறுத்திவிடு. கடன் போன ஆடியிலேயே முடிந்துவிட்டது, உங்கம்மா உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்க மாமாவிடமும் பேசினேன். அவர் கொட்டகையில் இப்போது கறிக்கோழி. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்ட் பில்லும் மட்டும் அவருடையது. 2019-ல் கோழிக்குக் கொலிஸ்டின் என்கிற கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது என்று தடை வந்ததே, அதற்கு முன்னால் தீவனத்தில் இருந்ததா என்று கேட்டேன். "மூட்டையில் என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் மச்சான்" என்கிறார். நீ இருக்கும் நாட்டில் ஒவ்வொரு பண்ணைக்கும் மருந்துக் கணக்கு பதிவாகிறது, அதை வைத்தே சில வருஷத்தில் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொன்னதும், "நமக்கு முதல்ல மூட்டையில சீட்டு ஒட்டச் சொல்லு" என்றார்.

கோழி எச்சமோ, கொட்டகை வேலையாட்களின் மாதிரியோ வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். ஆனால் கம்பெனி சூப்பர்வைசருக்குத் தெரியக்கூடாதாம். அப்படி ஒரு நிபந்தனையோடு மாதிரி எடுக்க உங்கள் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளுமா என்று உன் பேராசிரியரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு, கடை சும்மா இருக்கும்.

அன்புடன்,
அப்பா