அக்கறை இல்லாதவள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாநகராட்சிப் பள்ளிகளில் சேர்க்கை குறைவதைப் பற்றிப் போன ஞாயிறு அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ‘வட சென்னைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை குறைவு’ என்று ஒரு வரி. எழுதியவர் காசிமேட்டில் எந்த வீட்டில் கேட்டார் என்று சொன்னால் நானும் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவேன்.

நான் மீன் விற்கிறவள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலத்துக்குப் போய், எட்டு மணிக்குள் ஓடிவந்து மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். காலைச் சாப்பாடு அங்கேயே கொடுக்கிறார்கள், அதில் குறையே இல்லை (உப்புமா கொஞ்சம் கெட்டி). மூணு டீச்சர் இருந்த பள்ளிக்கூடம் அது. பிள்ளைகள் அறுபதுக்குக் கீழே இறங்கியதும் பணிநிரவல் என்று சொல்லி ஒருவரை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 60 பிள்ளைகள் வரை ரெண்டு பேர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதாம், சரி, வகுப்பு அஞ்சு இருக்கிறதே? மூணாவது, நாலாவது, அஞ்சாவது மூணும் இப்போது ஒரே அறையில். அந்த அறையில் இருக்கிற டீச்சரும் எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) எதையாவது ஏற்ற வேண்டும் என்று பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவம், அவரைத் திட்டி என்ன செய்ய. இதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் டி.சி. வாங்கினார்கள். நீங்கள் சொல்கிற ‘சரிவு’ இதுதான்.

தனியாருக்குப் போனவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. பீஸ் கட்டச் சொல்வதும் சரியாக அப்போதுதான். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயில் அரிசி வாங்குவதா, பீஸ் கட்டுவதா? தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவீத இலவச இடத்தை நம்பியிருந்த என் தங்கச்சிக்கு 2025-இல் அக்டோபர் வரை அந்தச் சேர்க்கையே திறக்கவில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்தாள். அக்கறை இல்லாதவள்தான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017-லேயே அரசு ரேங்க் சொல்வதை நிறுத்திவிட்டது, ஆனாலும் ரிசல்ட் அன்று முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் குதிக்கிற படம் உங்கள் முதல் பக்கத்தில் வராமல் இருப்பதில்லை. அதில் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. வெட்டுக்குத்து என்றால் மட்டும் தெருப் பெயரோடு, சந்துப் பெயரோடு போடுகிறீர்கள். இதையும் போன வருஷம் ஒரு கடிதத்தில் எழுதினேன், பதில் வரவில்லை. உங்களுக்கு வேலை அதிகம் இருக்கும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் அதிகாரியைப் பார்க்கும்போது, மூணாவது டீச்சர் எந்தத் தேதியில் திரும்ப வருவார் என்று கேட்டு அந்தத் தேதியை மட்டும் போடச் சொல்லுங்கள். உள்பக்கத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காசிமேடு